ஏஓடிக்கு மாத்துறீங்களா, வார்னிங்கை மட்டும் மறைக்காதீங்க

நேட்டிவ் ஏஓடின்னா, மைக்ரோசாஃப்ட்டோட டாட்நெட்ல எழுதின புரோகிராமை ஓடுறப்போ இல்லாம பப்ளிஷ் பண்றப்போவே மெஷின் கோடா கம்பைல் பண்ணிடுறது. டாட்நெட் 7ல இது வந்தப்போ கன்சோல் ஆப்புக்குதான் லாயக்கு. வெப் சர்வீஸ்ல கை வைக்க முடிஞ்சது 2023 நவம்பர்ல டாட்நெட் 8 வந்தப்புறம்தான், அதுவும் மினிமல் ஏபிஐ, ஜிஆர்பிசின்னு ரெண்டு வகைல எழுதின சர்வீஸ்தான், எம்விசி கன்ட்ரோலர் வச்சு எழுதின பழைய சர்வீஸை அப்படியே தூக்கி மாத்த முடியாது.

பிராஜெக்ட் ஃபைல்ல பப்ளிஷ்ஏஓடி ட்ரூன்னு ஒரு வரி போடுறது ஈஸி, அதுக்கப்புறம் ஐஎல்2026, ஐஎல்3050ன்னு வார்னிங் கொட்டும் பாருங்க, அசல் வேலையே அதுதான். பப்ளிஷ் பண்றப்போ யாரும் கூப்பிடாத கோடையெல்லாம் கம்பைலர் வெட்டிடும், ரிஃப்ளெக்‌ஷன்ல, அதாவது ஓடுறப்போ பேரை வச்சுத் தேடுற டைப் பல நேரம் கம்பைலர் கண்ணுல படாது, அதான் 2026. ரன்டைம்ல புதுசா கோட் ஜெனரேட் பண்ண வேண்டி வந்தா 3050, ஓடுறப்போ கம்பைல் பண்ற ஜிட்தான் இங்க இல்லையே. நோவார்ன் போட்டு இதை மறைச்சா பில்ட் பச்சையா இருக்கும், புரொடக்‌ஷன்ல யாரோ ஒரு கஸ்டமரோட ரிக்வெஸ்ட்ல போய் வெடிக்கும். தயவுசெஞ்சு அப்படி பண்ணாதீங்க.

டேட்டாவை டெக்ஸ்டா மாத்தி அனுப்புற ஜேசன் ஃபார்மட்டைத்தான் நல்லா கவனிக்கணும். அதுக்கான கோடை பில்ட் பண்றப்போவே எழுதித் தர்ற சோர்ஸ் ஜெனரேட்டருக்கு ஜேசன்சீரியலைசர்கான்டெக்ஸ்ட்னு ஒரு கிளாஸ் எழுதி, வெளிய போற ஒவ்வொரு டைப்பையும் அதுமேல ஆட்ரிப்யூட்டா சொல்லணும். உதாரணமா ஆர்டர்ங்கிற டைப்பை மட்டும் சொல்லிட்டு எண்ட்பாயிண்ட்ல லிஸ்ட் ஆஃப் ஆர்டர் திருப்பினா எக்ஸெப்ஷன்தான், லிஸ்ட்டையும் தனியா சொல்லணும். பேரில்லாத அனானிமஸ் டைப்பை அங்க எழுதவே வழியில்ல, அதனால அப்படி ரிட்டர்ன் பண்ற இடத்துக்கெல்லாம் ஒரு ரெக்கார்ட் எழுதிடுங்க.

விண்டோஸ்ல உக்காந்து லினக்ஸ் பைனரி எடுக்க முடியாது, டாக்கர்ல லினக்ஸ் இமேஜ் வச்சு, அதோட பில்ட் ஸ்டேஜ்ல கிளாங், இசட்லிப் ரெண்டையும் இன்ஸ்டால் பண்ணி அங்கயே கம்பைல் பண்ணுங்க.

எல்லா சர்வீஸுக்கும் இது வேணுமான்னா, என் கணக்குல வேணாம். அமேசானோட லாம்டால ஓடுற மாதிரி அடிக்கடி தூங்கி எழுந்துக்கிற சின்ன சர்வீஸுக்கு ஸ்டார்ட்அப்பும் மெமரியும் குறையுறது பெரிய லாபம், தாராளமா மாத்துங்க. நாள் முழுக்க ஓடிக்கிட்டே இருக்குறதுக்கு ஜிட் பரவால்ல, டாட்நெட் 8ல டைனமிக் பிஜிஓ டிஃபால்ட்டாவே ஆன், ஓட ஓட, அடிக்கடி ஓடுற கோடை (ஹாட் பாத்) அதுவே திருப்பி நல்லா கம்பைல் பண்ணிக்கும்.

இன்னொன்னு, வழக்கமா டாட்நெட் டெஸ்ட் அடிச்சா ஓடுறது ஜிட்லதான், அது பாஸ் ஆனதை நம்பி டெப்ளாய் பண்ணாதீங்க. கோடை தானா பில்ட் பண்ணி டெஸ்ட் பண்ற சிஐல பப்ளிஷ் ஆன பைனரியையே தூக்கி நிறுத்தி, ஒவ்வொரு எண்ட்பாயிண்ட்டையும் ஒரு தடவையாவது எச்டிடிபில அடிச்சுப் பாத்துட்டு அனுப்புங்க.