எண்ணெய்த் தகர கிட்டாரும் ஒன்றரைக் கட்டைச் சுருதியும்

ஆகஸ்ட் 31, 2024, சனி, சாட்ஸ்வர்த், டர்பன், தென்னாப்பிரிக்கா

இன்று முதல் தடவையாகத் தகர கிட்டாரைக் கோவில் கூடத்துக்கு எடுத்துப்போனேன். ஐந்து லிட்டர் எண்ணெய் டின்தான் உடம்பு, அதற்குள் ஊடுருவிப் போகும் ஒரு மரக்கழுத்து, ஆறு கம்பி. ஜூலு மக்கள் இதை இகோகோகோ என்பார்கள். துறைமுகக் கிடங்கில் என்னோடு வேலை செய்யும், பக்கத்து உம்லாசியில் இருக்கும் ஜூலு நண்பர் தன் கையால் செய்து கொடுத்தது.

கூடத்தில் ஒரு வீணை, இரண்டு வயலின், ஒரு மிருதங்கம். சனிக்கிழமை சாயங்காலம் கூடி வாசிப்பவர்கள், எல்லாரும் முறையாகப் படித்தவர்கள். சுருதிப் பெட்டியை ஒன்றரைக் கட்டையில், அதாவது C ஷார்ப்பில், வைத்தார்கள். நான் ஆறு கம்பியையும் கீழிருந்து ஸ ப ஸ ம ப ஸ என்று சேர்த்துக்கொண்டு சங்கராபரண ராகத்தில் சும்மா ஏறி இறங்கினேன். வீணை அம்மா உடனே கையைக் காட்டி நிறுத்திவிட்டார். "தம்பி, ஸவும் பவும் சேருது, காந்தாரம் மேல நிக்குது, கேளு" என்றார். கேட்டேன், என் காந்தாரம், அதாவது க, சேர வேண்டிய இடத்தைவிடக் கொஞ்சம் உயர்ந்துதான் நின்றது. அது போதாதென்று கீழ்க்கம்பியை மீட்டினால் டின்னின் அடிப்பக்கம் படபடவென்று அடித்தது. வயலின் தாத்தா, "பெருமாள் படத்துக்கு முன்னால எண்ணெய் டப்பாவா?" என்று மெதுவாகக் கேட்டுவிட்டுத் தன் வில்லைத் துடைக்கப் போய்விட்டார். கோபமாகச் சொல்லவில்லை. ஆனாலும் வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அதுதான் காதில் இருந்தது.

செப்டம்பர் 7, 2024, சனி

பிள்ளையார் சதுர்த்தி, அதனால் இன்று வாசிப்பு இல்லை. காலையில் கொழுக்கட்டை, மதியம் முழுக்க கிட்டார்.

வீணை அம்மா சொன்னதைக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். கிட்டார் கழுத்தின் குறுக்கே இருக்கும் மெட்டுகள் ஸ்தாயியை, அதாவது ஸவிலிருந்து மேல் ஸ வரை உள்ள தூரத்தை, பன்னிரண்டு சமபங்காக வெட்டி வைத்தவை. தம்புராவோடு சேரும் அந்தர காந்தாரமோ ஐந்துக்கு நாலு என்ற விகிதத்தில், அதாவது கம்பியின் நீளத்தில் ஐந்தில் ஒரு பங்கு தள்ளி விழ வேண்டும். என் கம்பியின் நீளம் 65 செ.மீ. அப்படியானால் தலைமாட்டிலிருந்து 13 செ.மீ.யில் இருக்க வேண்டிய மெட்டு 13.4-இல் உட்கார்ந்திருக்கிறது. வெறும் நாலு மில்லிமீட்டர், ஆனால் சுருதிப் பெட்டிக்குப் பக்கத்தில் அது பெரிய தூரம். வீணையின் 24 மெட்டுகளும் மெழுகில் பதித்தவை, தேவைப்பட்டால் மெழுகை இளக்கி நகர்த்தலாம், என்னுடையது மரத்தில் அறைந்தது.

சரி, பிடுங்கிவிட்டேன். சாலிடரிங் இரும்பால் சூடாக்கி, குறடால் ஒவ்வொன்றாக எடுத்து, பள்ளங்களைப் பசையும் மரத்தூளும் வைத்து அடைத்தேன். அப்புறம் மீன்பிடி நரம்பு, ஒரு மில்லிமீட்டர் தடிமன், கழுத்தைச் சுற்றி இரண்டு சுற்று, பின்பக்கம் முடிச்சு. நாலாம் மெட்டை 13-க்கு நகர்த்தியதும் நடந்ததை எழுதாமல் தூங்க முடியாது. ஸ கம்பியில் காந்தாரம் சேர்ந்தது, ப கம்பியில் அதே மெட்டில் காகலி நிஷாதம் (நி), ம கம்பியில் சதுஸ்ருதி தைவதம் (த), மூன்றும் ஒரே இழுப்பில் சுத்தமாகிவிட்டன. இதை நான் எதிர்பார்க்கவே இல்லை.

செப்டம்பர் 14, 2024, சனி

காந்தாரம் சேர்ந்துவிட்டது, வீணை அம்மாவே தலையாட்டினார். ஆனால் மோகன ராகத்தில் ரிஷபத்தை (ரி) பக்கவாட்டில் இழுத்துக் காந்தாரத்தைத் தொட்டபோது நரம்பு மெட்டே சறுக்கிப் போய்விட்டது, பாட்டு நடுவில். மிருதங்கக்காரர் தாளத்தை விடாமல் என்னைக் காத்தார், அவருக்கு நன்றி. முடிச்சை இன்னும் இறுக்க வேண்டும்.

வயலின் தாத்தாவோடு இன்று உட்கார்ந்து பேசினேன். வயலினும் வெளியிலிருந்து வந்ததுதானே, பாலுஸ்வாமி தீட்சிதர் சென்னையில் ஓர் ஐரோப்பியரிடம் கற்றுத்தானே நம் இசைக்குள் கொண்டுவந்தார் என்றேன். "அவங்க கம்பியைச் சேர்க்கற முறையை மாத்தி, பிடிக்கற விதத்தை மாத்தி, உட்கார்ந்து வாசிச்சு நம்ம வழிக்குக் கொண்டுவந்தாங்க. நீ இன்னும் கொண்டுவரலை" என்றார். மாண்டலின் ஸ்ரீனிவாஸ் என்று ஆரம்பித்தேன். "அந்தப் பிள்ளை எட்டுக் கம்பியை அஞ்சாக்கினார், அப்புறம் எத்தனை வருஷம் சாதகம் பண்ணினார்!" எனக்கு மறுத்துப் பேசத் தோன்றவில்லை, ஏனென்றால் அவர் கதவைச் சாத்தவில்லை, வேலையைத்தான் சொன்னார்.

செப்டம்பர் 24, 2024, செவ்வாய்

பாரம்பரிய நாள் விடுமுறை. உம்லாசிக்குப் போனேன். கிட்டாரைப் பார்த்ததும் அதைச் செய்து கொடுத்த நண்பர் மெட்டுகளைத் தடவித் தடவிச் சிரித்தார், முன்பெல்லாம் இந்த மீன்பிடி நரம்பைத்தான் கம்பியாகவே கட்டுவார்களாம்.

அவர் மஸ்கண்டி என்ற ஜூலு கிட்டார் இசை வாசிப்பவர். பாட்டு தொடங்குமுன் தாளமில்லாமல் விரல்கள் மேலும் கீழும் ஓடி, கம்பிகள் எப்படிச் சேர்ந்திருக்கின்றன, எந்த ஸ்வரங்களில் பாட்டு நடக்கப்போகிறது என்று காட்டிவிடும். அதற்கு இஸிஹ்லாபோ என்று பெயர். நம் ஆலாபனை போல நீளாது, அரை நிமிடத்தில் முடிந்துவிடும், ஆனால் செய்கிற வேலை அதுதான். மேல் கம்பியை வழக்கமான கிட்டாரைவிட ஒரு முழு ஸ்வரம் இறக்கித்தான் சேர்க்கிறார், என் மேல் கம்பியும் இறங்கித்தான் இருக்கிறது என்று காட்டினேன், அங்கேயே இருவரும் சேர்ந்து வாசித்தோம். என் வாழ்க்கையில் நல்ல மதியங்களில் ஒன்று.

டின் படபடப்பதைச் சொன்னபோது, உள்ளே துணியை அடைத்துச் சாகடித்துவிடாதே, அந்த இரைச்சலில்தான் உயிர் இருக்கிறது என்றார். பஸ்ஸில் திரும்பும்போதுதான் தம்புராவின் ஜீவா ஞாபகம் வந்தது. கம்பிகளைத் தாங்கும் கட்டையான குதிரைக்கும் கம்பிக்கும் நடுவில் வைக்கிற அந்தப் பருத்தி நூல்! நாமும் இரைச்சலை விரும்பி வளர்ப்பவர்கள்தானே.

செப்டம்பர் 28, 2024, சனி

புரட்டாசி இரண்டாம் சனி. நான்கு இரவுகளில் ஒரு விரல் அகலத்துக்குப் புதுக் குதிரை இழைத்தேன், மேற்புறம் லேசான வளைவு, கீழ் ஸவுக்கும் பவுக்கும் மட்டும் ஜீவா. படபடத்த அடித்தகட்டின் விளிம்பில் மட்டும் மெழுகு. இப்போது கீழ் ஸ மீட்டினால் ஒலி தேன்கூடு மாதிரி விரிகிறது.

கூடம் நிறைய ஆட்கள், வாழை இலைச் சோறு, கற்பூரப் புகை. பஜனையில் நான் கீழ்க்கம்பிகளை மட்டும் பிடித்துக்கொண்டிருந்தேன். அப்புறம் வீணை அம்மா மோகனம் எடுத்தார், ஒரு வரி வாசித்துவிட்டு என்னைப் பார்த்தார். காந்தாரத்தில் நின்றேன், இழுத்தேன், மெட்டு அசையவில்லை. டின்னின் ஒலி வீணை போல நீண்டு நிற்காது, சட்டென்று விழுந்துவிடும், அதனால் அவர் நீட்டும் இடத்தில் நான் இரண்டு தடவை மீட்ட வேண்டியிருந்தது. அதை மறைக்கப் பார்க்கவில்லை, மிருதங்கக்காரர் அந்த இரட்டை மீட்டையே பிடித்துக்கொண்டு வாசித்தார். தாத்தா ஒன்றும் சொல்லவில்லை. கடைசிப் பாட்டுக்குத் தன் வயலினைச் சேர்க்கும்போது சுருதிப் பெட்டியை அணைத்துவிட்டு என் கீழ் ஸவைக் கேட்டு வாங்கினார்.

அக்டோபர் 6, 2024, ஞாயிறு

எஃகுக் கம்பி நைலானை அறுக்கிறது. நாலாவது மெட்டில் மூன்று பள்ளம், காந்தாரம் கரகரக்கிறது. ஒரு மாதம்கூடத் தாங்கவில்லை. நாளை வேலை முடிந்ததும் தூண்டில் கடைக்குப் போக வேண்டும், இந்தத் தடவை ஐம்பது மீட்டர் சுருளாகவே வாங்கிவிடலாம், தாத்தாவும் பேரனுக்கு ஒரு டின் கிட்டார் செய்யத் தனக்குக் கொஞ்சம் வேண்டும் என்று சொல்லியிருக்கிறார்.