நான் அவ்வளவு மெதுவாக வரவில்லை

சென்னையில் திருவான்மியூரிலிருந்து சோழிங்கநல்லூர் ஆபீஸுக்கு ஓஎம்ஆர் ரோடு வழியாக ரோடு பைக்கில், அதாவது வேகமாக ஓடுகிற மெல்லிய டயர் சைக்கிளில், போய்வர ஆரம்பித்து மூன்று வருடம் ஆகிறது. ஒரு வழிக்கு 12, 13 கிலோமீட்டர். பார்க்கிறவர்கள் எல்லோரும் கேட்பது, "பஸ்ஸு லாரியெல்லாம் பயமா இல்லையா?" என்றுதான். இல்லை. பஸ் ஸ்டாப் வந்தால் இடது பக்கம் ஒதுங்கும், ஒதுங்காவிட்டால் நடுரோட்டிலேயே நிற்கும், இரண்டில் ஒன்று. தண்ணி லாரி வருவது எங்கிருந்தோ கேட்டுவிடும். என் பயமெல்லாம் நிதானமாக, ஹாரன்கூட அடிக்காமல், நல்ல மனசோடு என்னை முந்திப் போய், முந்திய கையோடு இடது பக்கம் திரும்புகிற கார்க்காரர்கள்தான்.

சைக்கிள் என்றால் பால்காரர் வேகம் என்று கண் தானாகக் கணக்குப் போட்டுவிடுகிறது. பால்காரர் மணிக்கு 12 கிலோமீட்டரில் போகிறார் என்றால் இரண்டு செகண்டில் ஆறேழு மீட்டர் நகர்வார். நான் எதிர்க்காற்று இல்லாத காலையில் 28-ல் போவேன், அதே இரண்டு செகண்டில் 15 மீட்டர் தாண்டிவிடும். நான் எங்கோ பின்னால் இருப்பதாகக் கார்க்காரர் நினைத்துக்கொண்டு ஸ்டீயரிங்கை ஒடிக்கும்போது நான் அவருடைய இடது கதவுக்குப் பக்கத்தில் இருப்பேன்.

போன மாதம் பெருங்குடியில் அப்படித்தான். வெள்ளைக் கார், ஏதோ ஒரு கம்பெனி கேட்டுக்குள் நுழைகிறது. இரண்டு பிரேக்கையும் பிடித்தேன், பின் சக்கரம் லேசாக வழுக்கி, காரைத் தொடாமல் நின்றும் விட்டேன். ஆனால் ஷூ பெடலோடு க்ளிப்பில் மாட்டியிருந்தது (இந்த சைக்கிளில் அப்படித்தான்), கழற்றுவதற்குள் நின்ற இடத்திலேயே மரம் சாய்கிற மாதிரி மெதுவாக, முழுசாக விழுந்தேன். முழங்கை சிராய்ப்பு, முதுகுப் பையில் மோர்க்குழம்பு. அவர் பதறி இறங்கி வந்து, "பின்னாடி ரொம்ப தூரத்துலதானேம்மா இருந்தீங்க?" என்றார். தப்பித்துக்கொள்ளச் சொன்ன மாதிரி இல்லை, நிஜமாகவே புரியாமல்தான் கேட்டார். திட்ட வாய் வரவில்லை.

அதற்கப்புறம் இண்டிகேட்டரை நம்புவதை விட்டுவிட்டேன், காரின் முன் சக்கரத்தைத்தான் பார்க்கிறேன். ஷேர் ஆட்டோ என்றால் ஆட்டோவைப் பார்த்துப் பயனில்லை, ஓரத்தில் பையோடு நிற்கிற அக்காவைப் பார்க்க வேண்டும், அவர் கை மேலே போனால் ஆட்டோ எந்த லேனில் இருந்தாலும் இங்கே வந்துவிடும். மெட்ரோ வேலைக்குத் தகரம் அடைத்து ரோடு குறுகுகிற இடங்களில் ஓரத்தில் ஒண்டுவதில்லை, லேன் நடுவில் ஏறிவிடுவேன். பின்னால் இருப்பவர் விடாமல் அடிப்பார். அடிக்கட்டும், ஹாரன் அடிக்கிறார் என்றால் என்னைப் பார்த்துவிட்டார் என்றுதானே அர்த்தம்! (என் அம்மாவுக்கு இந்தத் தர்க்கம் பிடிக்கவில்லை.) ராங் சைடில் வருகிற டூவீலர்களைப் பற்றி எழுத ஆரம்பித்தால் இன்று முடியாது, விடுங்கள்.

நேற்று சாயங்காலம் சிக்னலில் பக்கத்தில் ஒரு ஆட்டோ அண்ணன். வழக்கமான கேள்விதான்.

"எவ்ளோம்மா இந்த சைக்கிளு?"

"இருபதாயிரம்ண்ணா." வீட்டிலும் இதே விலைதான் சொல்லியிருக்கிறேன்.

"அதுக்கு செகண்ட்ஸ்ல ஒரு ஸ்கூட்டியே வாங்கிக்கலாமே! சரி, என்ன ஸ்பீடு போவும்?"

"முப்பது போகும்."

"சும்மா சொல்லாதம்மா."

பச்சை விழுந்தது. ரோஷம் வந்துவிட்டது, கீழே குனிந்து மிதித்தேன். அவரும் விடாமல் வலது பக்கத்திலேயே வந்தார். கொஞ்ச தூரம் போனதும் மீட்டரைப் பார்த்துவிட்டு, பஸ் சத்தத்தையும் மீறி, "இருவத்தொம்போதும்மா! சூப்பரு!" என்று கத்தினார். எனக்கும் பெருமை தாங்கவில்லை. அடுத்த நிமிஷம் ஓரத்தில் யாரோ கையைக் காட்ட, ஆட்டோவை இடது பக்கம் ஒடித்து, சரியாக என் முன் சக்கரத்துக்கு முன்னால் நிறுத்தினார்.