ஒரு கண் மூடாத பிரார்த்தனை

மார்ச் 3, திங்கள்

காலையில் வாய் கொப்பளித்தபோது தண்ணீர் வலது உதட்டோரமாக வழிந்து கழுத்துவரை போனது. தூக்கக் கலக்கம் என்று நினைத்து மறுபடி கொப்பளித்தேன். மறுபடியும் அதே. நிமிர்ந்து கண்ணாடியைப் பார்த்தால் பாதி முகம்தான் என்னுடையது. "ஏம்மா வாயைக் கோணிக்கிட்டு நிக்கிறே?" என்று மகள் சிரித்தாள். அப்புறம் சிரிப்பை நிறுத்திவிட்டாள்.

பக்கவாதம் என்று பயந்து ஓடினோம். "புருவத்தைத் தூக்குங்க" என்றார் மருத்துவர். இடது புருவம் ஏறியது. வலது அசையவே இல்லை. கை கால் பலத்தையும் சோதித்துவிட்டு, இது முகவாதம் என்றார். மூளையில் அடைப்பு என்றால் பெரும்பாலும் நெற்றி தப்பித்துவிடுமாம். நெற்றியும் சேர்ந்து படுத்ததுதான் எனக்கு நல்ல சேதி!

மார்ச் 5, புதன்

முகத்தை ஆட்டிவைக்கும் ஏழாவது நரம்பு, காதருகே எலும்புக்குள் ஒரு குறுகிய பாதையில் வருகிறது. அது வீங்கினால் ஒதுங்க இடமில்லை, நசுங்கிப்போகிறது. ஏன் வீங்கியது என்பதற்கு உறுதியான பதில் கிடையாது. ஸ்டீராய்டு மாத்திரையை 72 மணி நேரத்துக்குள் தொடங்கினால் பலன் அதிகம். நல்லவேளை, நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்கவில்லை.

உதடு சேர்ந்தால்தான் ப, ம பிறக்கும் என்று பள்ளியில் படித்தது இப்போதுதான் உறைக்கிறது. எனக்குக் காற்றுதான் ஒழுகுகிறது. 'நம்பிக்கையோட இருங்க' என்று ஆளாளுக்குச் சொல்கிறார்கள். அந்தச் சொல்லையே என்னால் ஒழுங்காகச் சொல்ல முடியவில்லை.

மார்ச் 9, ஞாயிறு

வலது கண் மூடுவதில்லை. பகலில் சொட்டு மருந்து, இரவில் களிம்பு போட்டு இமையை டேப்பால் ஒட்டிக்கொண்டு தூக்கம். காய்ந்துவிட்டால் கருவிழி புண்ணாகிவிடும்.

சிக்கல் பிரார்த்தனையில்தான். கண்ணை மூடினால்தான் எனக்கு மனசு அடங்கும். இன்று ஒரு கண் விழித்தபடியே உட்கார்ந்தேன். அறை முழுக்கத் தெரிந்தது. மகள் கதவோரம் வந்து என்னை எட்டிப் பார்த்தாள். கூடத்துக்குப் போய் டிவி சத்தத்தைக் குறைத்தாள். (வலது காதில் சின்னச் சத்தமும் இடிபோல விழுகிறது, அதுவும் இதே நரம்பின் வேலை.) திரும்பி வந்து, நான் எழும்வரை டேப்பைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். நான் கண்ணை மூடியிருந்த இத்தனை வருஷமும் அந்தக் கதவோரம் யார் யார் நின்றார்களோ.

மார்ச் 18, செவ்வாய்

ஒன்றும் அசையவில்லை. பத்துப் பேரில் ஏழு பேருக்கு மருந்தில்லாமலே முழுக்கச் சரியாகிவிடும் என்கிறார்கள். மாத்திரையும் தின்றுவிட்டு மிச்ச மூன்றில் ஒருத்தியாக உட்கார்ந்திருக்கிறேன் போல. கடவுளோடு சண்டை. இன்று பிரார்த்தனை கிடையாது.

மார்ச் 27, வியாழன்

மூக்கோரம் ஒரு துடிப்பு! ஈ உட்கார்ந்து பறந்தது போல. கண்ணாடி முன்னால் அரை மணி நேரம் நின்றேன், மறுபடி வரவில்லை. ஆனால் வந்தது. சத்தியமாக வந்தது.

சண்டையை ஒன்பது நாள் இழுத்தது அதிகம்தான். சாயங்காலம் போய் உட்கார்ந்தேன். 'சரியாக்கிக் கொடு' என்று கேட்கத்தான் போனேன். கேட்க மறந்து எழுந்துவந்துவிட்டேன்.

ஜூலை 20, ஞாயிறு

முகம் முக்கால்வாசி திரும்பிவிட்டது. ப, ம தெளிவாக வருகின்றன. கண்ணும் மூடுகிறது. ஒரே ஒரு கோளாறு: சிரித்தால் வலது கண் தானாகச் சுருங்குகிறது. திரும்ப வளர்ந்த நரம்பிழைகளில் சில, வாய்க்குப் போகவேண்டியவை, வழிதவறிக் கண்ணுக்குப் போய்விட்டனவாம். கண்ணாடி பார்த்து மெதுவாகச் செய்யும் பயிற்சி கொடுத்திருக்கிறார்கள். முரட்டுத்தனமாக இழுக்கவே கூடாது. "யாரைப் பார்த்தும்மா கண்ணடிக்கிறே?" என்று மகளுக்குக் கிண்டல்.

இன்று பிரார்த்தனையில் இரண்டு கண்ணையும் நன்றாக மூடினேன். கொஞ்ச நேரத்தில் இருப்புக்கொள்ளாமல் திறந்து பார்த்தேன். கதவோரம் அவள் நின்றிருந்தாள், இப்போது டேப் எதற்கும் தேவையில்லை என்றாலும். சிரித்தேன். வலது கண் சுருங்கிக்கொண்டது.