தொட்டில் ஆடும் வீட்டில் ஸ்பிரே டப்பா

கொசு ஸ்பிரே, டியோடரன்ட், ரூம் ஃபிரெஷ்னர், எதை வேண்டுமானாலும் திருப்பிப் பாருங்கள். பொடி எழுத்தில் பியூட்டேன், ஐசோபியூட்டேன், புரோப்பேன் என்றோ, வெறுமனே எல்பிஜி என்றோ இருக்கும். மருந்தை வெளியே தள்ளுவது அதுதான். அடுப்படி சிலிண்டரில் இருக்கும் அதே வகை வாயு. கசிந்தால் தெரியட்டும் என்று சிலிண்டர் கேஸில் நாற்ற மருந்து கலப்பார்கள். டப்பாவுக்குப் போகும் வாயுவில் அது கிடையாது.

இந்த வாயு கைக்குழந்தைக்கு விஷமா? கணக்குப் போட்டே பார்க்கலாம். விநாடிக்கு 1 கிராம் வீதம் 10 விநாடி அடித்தால் 10 கிராம். அறைச் சூட்டில் அது நாலு லிட்டர் சொச்சம் வாயு. பத்துக்குப் பத்து அறையில், பத்தடி உயரத்துக்கு, சுமார் 28,000 லிட்டர் காற்று இருக்கிறது. முழுதாகக் கலந்தபின் 0.015 சதவீதம்தான் தேறும். தீப்பிடிக்க ஏறக்குறைய 1.8 சதவீதம் வேண்டும்.

கலந்தபின் என்பதுதான் முக்கியம். பியூட்டேன் காற்றைப்போல இரண்டு மடங்கு கனம், கலப்பதற்குள் கீழே இறங்கும். தூளிக்குள்ளோ, கண்ணாடி ஏற்றிய காருக்குள்ளோ அடித்தால் இந்தக் கணக்கு செல்லாது. டப்பாவின் வாய்க்குப் பக்கத்திலும் செல்லாது: குளிப்பாட்டிய கையோடு சாம்பிராணித் தணல் இருக்கும் அறையில், விளக்கெரியும் மாடத்தருகே ஸ்பிரேயைத் தொடவே கூடாது.

உண்மையான தொல்லை வாயு சுமந்துவரும் பனிச்சாரல். வெளியே வந்ததும் பியூட்டேன் ஆவியாகிவிடும். சைபர்மெத்ரின், இமிப்ரோத்ரின் போன்ற பூச்சிக்கொல்லிகள், வாசனைப்பொருள் எல்லாம் நுண்துளிகளாக மிதக்கும். பச்சிளங்குழந்தை நிமிடத்துக்கு 30 முதல் 60 முறை மூச்சு விடுகிறது. எடைக்கு எடை பார்த்தால் நம்மைவிட அதிகக் காற்றை இழுக்கிறது. மிச்சத் துளிகள் தரையில் படியும். தவழும் பிள்ளையின் கை அடுத்த நொடி வாயில்.

அதனால் பூச்சி ஸ்பிரே அடித்தே ஆகவேண்டுமென்றால் பிள்ளையோடு பால்புட்டி, கிலுகிலுப்பை, படுக்கைத்துணி எல்லாவற்றையும் முதலில் வெளியே எடுங்கள். அடித்து, டப்பாவில் சொன்ன நேரம் அடைத்துவைத்து, ஜன்னல்களை அரைமணியாவது திறந்து விடுங்கள். ஜன்னலைச் சாத்திக்கொண்டு ஃபேன் மட்டும் போடுவது அதே காற்றைச் சுற்றிவிடுவதுதான். தரையை ஈரத்துணியால் துடைத்தபிறகு பிள்ளை உள்ளே வரட்டும். (கொசுவலை கட்டினால் இத்தனை பாடும் இல்லை.)

முகத்தில் பட்டுவிட்டால் கண்ணை 15 நிமிடம் சுத்தமான தண்ணீரில் கழுவுங்கள். மிக நெருக்கத்தில் பட்டுத் தோல் வெளுத்து விறைத்திருந்தால் தேய்க்காதீர்கள், வெதுவெதுப்பான நீர் போதும். வாய்க்குள் போயிருந்தால் வாந்தி எடுக்க வைக்கவே வேண்டாம். மருந்தைக் கரைத்துவைத்திருக்கும் மண்ணெண்ணெய் போன்ற கரைப்பான் நுரையீரலுக்குள் ஏறினால் அது தனி ஆபத்து. இருமலோ வேக மூச்சோ தெரிந்தால் 108. டப்பாவையும் கையோடு கொண்டுபோங்கள், மருத்துவருக்கு அதில் உள்ள மருந்தின் பெயர் வேண்டும்.

இதையெல்லாம் படித்துவிட்டு டாக்டர் எழுதிக்கொடுத்த ஆஸ்துமா இன்ஹேலரை நிறுத்திவிட வேண்டாம். அதில் மருந்தைத் தள்ளுவது பெரும்பாலும் ஹெச்எஃப்ஏ 134ஏ என்ற எரியாத வாயு. ஓர் அமுக்கில் 100 மில்லிகிராம்கூட வராது, வெளிமூச்சிலேயே போய்விடும். இன்ஹேலரோடு மாட்டும் முகமூடி வைத்த பிளாஸ்டிக் குழாயை (ஸ்பேசர்) மட்டும் சோப்புநீரில் கழுவி, துடைக்காமல் காயவிடுங்கள். துடைத்தால் பிளாஸ்டிக்கில் நிலைமின்சாரம் ஏறி, மருந்து சுவரிலேயே ஒட்டிக்கொள்ளும்.