இடியப்பத் தட்டு

2013இல் என் மகளுக்கு ஏழு வயது. மூளையின் பின்பக்கத்தில் கட்டி; எபெண்டிமோமா என்றார்கள். லண்டனிலேயே சத்திரசிகிச்சை செய்து எடுத்தாயிற்று. அப்புறம் கதிர்வீச்சு கொடுக்க வேண்டும், அதுவும் புரோட்டான் என்றால் நல்லது என்றார் டொக்டர். எக்ஸ்ரே கதிர் கட்டியைத் தாண்டி மறுபக்கம் வரை போகும். புரோட்டான் குறித்த ஆழத்தில் சக்தியைக் கொட்டிவிட்டு அங்கேயே நின்றுவிடும். வளர்கிற மூளைக்கு அது பெரிய வித்தியாசம்.

அப்போது பிரிட்டனில் கண் கட்டிகளுக்கு மட்டும்தான் புரோட்டான் இருந்தது. மற்றவர்களை 2008 முதல் இங்குள்ள அரச மருத்துவ சேவையான என்எச்எஸ் தன் செலவில் வெளிநாட்டுக்கு அனுப்பி வந்தது. நிபுணர் குழு ஸ்கானைப் பார்த்து முடிவு சொல்லும். எங்களுக்கும் கடிதம் வந்தது: புளோரிடாவில் ஜாக்சன்வில். சிகிச்சை, விமான டிக்கெட், தங்க வீடு எல்லாம் அவர்கள் பொறுப்பு.

அந்தக் கடிதத்தை எத்தனை தரம் வாசித்தேனோ தெரியாது. சம்பளம் எவ்வளவு என்று ஒருவரும் கேட்கவில்லை. ஊரில் சித்தப்பாவின் இருதய ஒப்பரேஷனுக்குச் சென்னைக்குப் போகத் தோட்டக் காணியை விற்ற குடும்பம் எங்களுடையது. இங்கே, பெற்றோல் செட்டில் இரவு வேலை பார்ப்பவனின் பிள்ளைக்கு முகம் தெரியாத அத்தனை பேரின் வரிப்பணம். இப்போது எழுதும்போதும் தொண்டை அடைக்கிறது.

தலை துளியும் அசையக் கூடாது. சுடுநீரில் இளக்கிய பிளாஸ்டிக் வலையை முகத்தில் அழுத்தி முகமூடி செய்து, அதை மேசையோடு பூட்டுவார்கள். சின்னப் பிள்ளைகள் என்றால் தினமும் மயக்க மருந்து. அது வேண்டாமே என்று மனைவி ஒரு வழி பார்த்தாள். பயணத்துக்கு முந்திய இரவுகளில் மகளைத் தரையில் படுக்க வைத்து, முகத்தில் இடியப்பத் தட்டைக் கவிழ்த்தாள். நான் நூறு வரை எண்ணுவேன். முதல் நாள் பன்னிரண்டிலேயே தட்டைத் தள்ளிவிட்டு அழுதாள். புறப்படும்போது முந்நூறு வரை அசையாமல் கிடந்தாள். ஜாக்சன்வில்லில் திங்கள் முதல் வெள்ளி வரை, மொத்தம் 33 தரம். ஒரு நாளும் மயக்க மருந்து தேவைப்படவில்லை.

2018 டிசம்பரில் மான்செஸ்டரிலேயே புரோட்டான் தொடங்கிவிட்டார்கள். போன கிழமை லண்டன் ஹரோவில் இருந்து ஒரு தம்பி போன் எடுத்தார். மகனுக்கு ஆறு வயதாம், அடுத்த மாதம் அங்கே போகிறார்கள்.

“அண்ணை, என்ன கொண்டு போறது?”

“அது பிறகு சொல்லுறன். வீட்டில இடியப்பத் தட்டு கிடக்கோ?”