பெரிய கோயில் நிழல் எங்க விழுது?

தஞ்சாவூர் பெரிய கோயில் விமானத்தோட, அதாவது கருவறை மேல நிக்கற பெரிய கோபுரத்தோட, நிழல் தரையில விழாது. இத கேள்விப்படாத தமிழ் ஆளு இருக்க வாய்ப்பே இல்ல. பொது அறிவு புக்குல இருக்கும், ஸ்கூல்ல வாத்தியார் சொல்லிருப்பார், கோயிலுக்கு போனா கைடு சொல்வார், நடுவுல குடும்ப வாட்ஸ்அப் குரூப்ல "தமிழனின் பெருமை, பகிருங்கள்"னு பூ படம் போட்டு வந்துகிட்டே இருக்கும். நிறைய பேர் சொல்றதால அது உண்மைன்னு ஆகிடுச்சு, அவ்ளோதான், வேற ஒரு காரணமும் கிடையாது.

நிழல் விழும்ங்க. நல்லாவே விழும். கோயில் கிழக்க பாத்தது, விமானம் மேற்குப்பக்கம் இருக்கு, அதனால சாயங்காலம் நாலரைக்கு மேல போனீங்கன்னா நிழல் மண்டபத்து மேல ஏறி கிழக்கால நீண்டு கிடக்கும், ஜனங்க வெயிலுக்கு ஒதுங்கி அந்த நிழல்லயே புளிசாதத்த பிரிச்சு வச்சுக்கிட்டு பக்கத்துல இருக்கற புள்ளைங்களுக்கு "இந்த கோபுரத்து நிழல் கீழ விழாதுடா"ன்னு சொல்லிக்கிட்டிருப்பாங்க. நான் கண்ணால பாத்தது இது. சிரிக்கறதா அழுவறதான்னே தெரியல.

ஆனா இது சும்மா ஆகாசத்துலேந்து குதிச்ச கதையும் இல்ல, அதான் இதுல சுவாரசியமே. தஞ்சாவூர் பூமத்திய ரேகைக்கு வடக்க 10.8 டிகிரி கிட்ட இருக்கு. ஏப்ரல் மூணாவது வாரத்துலயும் ஆகஸ்ட் கடைசி வாரத்துலயும் மத்தியானம் சூரியன் நேரா நம்ம மண்டைக்கு மேல வரும். ஜூன்ல கொஞ்சம் வடக்க தள்ளி நிக்கும், அதுவும் 12, 13 டிகிரிதான். விமானம் மேல போகப்போக குறுகிக்கிட்டே போற வடிவம், அடிப்பக்கம் ஒரு பக்கத்துக்கு நூறு அடி கிட்ட அகலம். அதனால கோடை மாசங்கள்ல உச்சி வெயில் நேரத்துல நிழல் அனேகமா அதோட சொந்த அடித்தளத்துக்குள்ளயே அடங்கிடும். நம்ம ஆளுங்க கோயிலுக்கு போறது எப்போ? மே மாச லீவுல. மத்தியானம் பன்னண்டு மணிக்கு போய் நின்னா நிழல் கண்ணுல படாதுதான்! அத பாத்துட்டு யாரோ ஒருத்தர் சொல்லிருப்பார், "மத்தியானத்துல"ங்கறது அடுத்த ஆள்கிட்ட போகும்போது கழண்டுருக்கும், "கோடையில"ங்கறது அதுக்கு அடுத்த ஆள்கிட்ட கழண்டுருக்கும்.

டிசம்பர்ல மத்தியானம் போங்க. சூரியன் தெக்க 34 டிகிரி சாஞ்சு நிக்கும். விமானம் 216 அடின்னு வச்சுக்கிட்டா உச்சியோட நிழல் நடுவுலேந்து வடக்க ஒரு 145 அடி தள்ளி விழணும், அதாவது சுவத்த தாண்டி தொண்ணூறு அடிக்கு மேல, சண்டிகேஸ்வரர் சன்னதி பக்கமா. பத்தாங்கிளாஸ் கணக்குதான் இது, டான் தீட்டா. இங்க இன்னொன்னு, அந்த 216 அடியே எல்லா புக்குலயும் 216 இல்ல. 190ன்னு போட்ட புக் இருக்கு, 208ன்னு போட்டதும் இருக்கு. எங்கேந்து அளந்தீங்க, கலசத்தோடயா கலசம் இல்லாமயான்னு எழுதினவங்க நம்மகிட்ட சொல்றதில்ல, நம்மளும் கேக்கறதில்ல.

அப்பறம் அந்த 80 டன் கல்லு. உச்சியில இருக்கற சிகரம் ஒரே கல்லு, 80 டன், அத சாரப்பள்ளம்ங்கற ஊர்லேந்து பல கிலோமீட்டருக்கு சாய்தளம் போட்டு யானைய வச்சு இழுத்தாங்கன்னு கதை. அந்த சிகரம் ஒரே கல்லு இல்ல, பல துண்டு கல்ல சேத்து கட்டினது, கிட்ட போய் ஆராஞ்சவங்க எழுதியிருக்காங்க, க்ளோஸப் போட்டோல இணைப்பு தெரியும். ஒரே கல்லு இல்லன்னா அந்த நீளத்துக்கு சாய்தளத்துக்கு என்ன அவசியம்னு அடுத்த கேள்வி வரும்ல, அத யாரும் கேக்கறதில்ல, ஏன்னா யானை இழுக்கற காட்சி மனசுக்கு ரொம்ப பிடிச்சுப்போச்சு.

இதுக்கெல்லாம் "எதையும் நம்பாத, எல்லாத்தையும் நீயே செக் பண்ணு"ன்னு ஈஸியா சொல்லிடுவாங்க, எனக்கு அதுல உடன்பாடு இல்ல. எவனால முடியும்? மாத்திரை டப்பால போட்டிருக்கற மில்லிகிராம நான் வீட்ல அளந்தா பாக்கறேன், நம்பித்தான் முழுங்கறேன். நம்பாம ஒரு நாள் ஓட்ட முடியாது. நான் பாக்கறது ஒண்ணே ஒண்ணுதான், இத சொல்றவன் எப்படி தெரிஞ்சுக்கிட்டான்னும் சேத்து சொல்றானா, நான் போய் சரிபாக்க ஒரு வழி விட்டிருக்கானா? வழி விட்டவன் தப்பா சொல்லியிருந்தாலும் மாட்டிக்குவான், வழியே விடாம "ஆச்சரியம் ஆனால் உண்மை"ன்னு முடிக்கறவன் மாட்டவே மாட்டான்.

இதுக்கு நல்ல உதாரணம் அதே கோயில் சுவத்துலயே இருக்கு. ராஜராஜன் வெட்டச்சொன்ன கல்வெட்டு. "நாங்குடுத்தனவும்"னு ஆரம்பிச்சு அக்கன் குடுத்தது, பெண்டுகள் குடுத்தது, மத்தவங்க குடுத்தது வரைக்கும் கல்லுல வெட்டச்சொல்றார். விமானத்து உச்சிக்கு கலசம் குடுத்தது 25ஆம் ஆட்சியாண்டு 275ஆம் நாள், நம்ம கணக்குல 1010. செம்பு 3083 பலம், அது மேல போத்தின பொன்னு 2926½ கழஞ்சு (பலம், கழஞ்சு ரெண்டும் அந்தக்கால எடை அளவு). அந்த அரைய கவனிங்க. அவ்ளோ பெரிய ராஜா, "ஏராளமான பொன்"னு எழுதியிருந்தா யாரு கேள்வி கேக்கப்போறா? பொன்ன நிறுத்தது எந்த எடைக்கல்லாலன்னும் சொல்றார், ஆடவல்லான்ங்கற கல்லால நிறுத்ததாம். நெல்லு அளந்ததும் ஆடவல்லான்ங்கற மரக்காலாலதான். முத்து நகையா இருந்தா உருண்டை எத்தன, குறுமுத்து எத்தன, சப்பத்தி எத்தன, சக்கத்து எத்தனன்னு குறையுள்ள முத்தையும் மறைக்காம எழுதி, நூலு, சட்டம், செப்பாணியெல்லாம் நீக்கி நிறுத்தோம்னு போட்டிருக்கு. நாளைக்கு எவனாவது சந்தேகப்பட்டா அதே கல்லு வச்சு திரும்ப நிறுத்து பாக்கலாம்ங்கற ஏற்பாடு அது. ஆயிரம் வருஷத்துக்கு முந்தின ஆடிட் ரிப்போர்ட்ங்க. கோயில்ல ஆட வந்த 400 தளிச்சேரி பெண்டுகள் பேரு, எந்த ஊரு கோயில்லேந்து வந்தாங்க, எந்த சிறகுல (தெருவோட எந்தப் பக்க வரிசையில) எத்தனாவது வீடு, ஆளுக்கு ஒரு பங்கு, ஒரு பங்குக்கு வருஷத்துக்கு 100 கலம் நெல்லு, இதுவும் இருக்கு.

இவ்வளவும் சுவத்துல இருந்தும் ஒரு காலத்துல இந்த கோயில கட்டினது யாருன்னே நமக்கு தெரியாம போயிருந்துச்சு! தலபுராணம் கரிகாலன் கட்டினான், அவன் குஷ்டம் தீந்துச்சுன்னு சொல்லுச்சு, ஜனங்க அதத்தான் நம்பினாங்க. ஹூல்ஷ்னு ஒரு ஜெர்மன்காரர் 1886ல மெட்ராஸ் அரசாங்கத்துக்கு கல்வெட்டாய்வாளரா வந்தார், அவர் படிச்சப்பறம்தான் ராஜராஜன் கட்டினதுன்னு எல்லாருக்கும் உறுதியாச்சு. கல்வெட்டையெல்லாம் 1891லேந்து தென்னிந்திய கல்வெட்டுகள் இரண்டாம் தொகுதியா பகுதி பகுதியா அச்சு போட்டாங்க. மூல வாசகம் தனியா, இங்கிலீஷ் மொழிபெயர்ப்பு தனியா. அவர் ஒரு எழுத்த தப்பா படிச்சிருந்தா நீங்க சுவத்துக்கு போய் ஒப்பிட்டு பாத்து திருத்தலாம். ஹூல்ஷ் பெரிய அறிஞர்ங்கறதுக்காக நம்பறத விட இதுக்காக நம்பறது எனக்கு சரியா படுது.

இத எங்க மாமா ஒருத்தர்கிட்ட பேசிக்கிட்டிருந்தேன், அவர்தான் குரூப்ல நிழல் மெசேஜ போட்டவர். "இருந்துட்டு போகட்டுமே மாப்ள, நம்ம பெருமைதான, யாருக்கு என்ன நஷ்டம்"னார். நஷ்டம் இருக்கு மாமான்னேன். டெல்டாவுல கருங்கல்லே கிடையாது, அவ்வளவு கருங்கல்லையும் வெளியூர்லேந்து கொண்டுவந்து உள்ள கூடா விட்டு பதிமூணு நிலை ஏத்தியிருக்கான், அது எப்படி நிக்குதுன்னு பேச மாட்டேங்கறோம், விழற நிழல விழலன்னு சொல்லிக்கிட்டு திரியறோம். கட்டினவன் பேரே, குஞ்சரமல்லன் ராஜராஜப் பெருந்தச்சன்னு, கல்லுல இருக்கு, குரூப்ல எத்தன பேருக்கு தெரியும்னு கேட்டேன். அதுவும் இல்லாம நாளைக்கு வெளியூர்க்காரன் ஒருத்தன் அஞ்சு மணிக்கு வந்து நிழல போட்டோ புடிச்சு போட்டான்னா, அந்த 2926½ கழஞ்சும் இதே மாதிரி கதைதானன்னு கேப்பான், நம்மகிட்ட அப்போ பதில் இருக்கும், ஆனா கேக்க அவன் நிக்க மாட்டான்.

மாமா கொஞ்ச நேரம் ஒண்ணும் சொல்லல. அப்பறம், "சரி, நந்தி வளந்துகிட்டே போச்சு, முதுகுல ஆணி அடிச்சுதான் நிறுத்தினாங்கன்னு சொல்றாங்களே, அது?"ன்னார். மாமா அந்த நந்தியும் மண்டபமும் ராஜராஜன் வச்சதே இல்ல, நாயக்கர் காலத்துதுன்னேன். உடனே நிமிந்து உக்காந்துட்டார். "அதுக்கு என்ன ஆதாரம்?"

நிழலுக்கு கேக்காத ஆதாரம், எண்பது டன்னுக்கு கேக்காத ஆதாரம், என்கிட்ட மட்டும் வருது. ஆனா கேள்வி நியாயமான கேள்வி. மண்டபத்து தூண் வேலைப்பாடு நாயக்கர் பாணின்னு வாயால சொன்னேன், வாயால சொன்னா போதாதுன்னுட்டார். தூண எல்லாம் போட்டோ எடுத்துட்டு வா, கூட சோழர் தூணையும் எடுத்துட்டு வா, பக்கத்துல வச்சு பாத்துட்டு சொல்றேன்னு உத்தரவு. அடுத்த தடவை போறப்ப எடுக்கணும்.