பரங்கிமலைக் கல்லில் பூமியின் கீழோட்டைப் பார்ப்பது எப்படி

பரங்கிமலை, திரிசூலம், பல்லாவரம் குன்றுகளின் கருங்கல்லுக்குப் பெயர் சார்னோக்கைட். கல்கத்தா புனித ஜான் தேவாலய வளாகத்தில் உள்ள, கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜோப் சார்னோக்கின் கல்லறைக் கல்லும் இதே வகை என்பதால், 1893ல் புவியியலாளர் தாமஸ் ஹாலண்ட் இந்தப் பெயரை வைத்தார். பெயர் வந்த கதை பலருக்கும் தெரிந்ததுதான். கல்லைக் கையில் எடுத்தால் எதைப் பார்ப்பது என்பதற்கு வருவோம்.

பரங்கிமலையில் சுத்தியல் போடக் கூடாது, அது தேசிய புவியியல் நினைவுச்சின்னம். பழைய கல்குவாரி ஓரத்தில் கிடக்கும் கைப்பிடி அளவு துண்டே போதும். வெயில் மழை பட்ட மேற்தோல் பழுப்பாகி எதையும் காட்டாது. புதிதாக உடைந்த முகம்தான் வேண்டும். அது பச்சை கலந்த கரும்சாம்பல் நிறத்தில், எண்ணெய்ப் பசையோடு மினுங்கும்.

புதியவர்கள் சறுக்குவது இங்கேதான். கறுப்பாக இருக்கிறதே என்று பசால்ட், கேப்ரோ போன்ற கருமையான தீப்பாறை என்று எழுதிவிடுவார்கள். பத்து மடங்கு லென்ஸில் பாருங்கள். வழக்கமாக வெளிறியிருக்கும் குவார்ட்ஸே நீலம் கலந்த சாம்பலாகவும், ஃபெல்ட்ஸ்பாரே மங்கிய பச்சையாகவும் இருக்கும். வெயிலில் கல்லைத் திருப்பினால் ஃபெல்ட்ஸ்பார் தட்டையான முகத்தோடு பளிச்சிடும். குவார்ட்ஸ் கண்ணாடிச் சில்லு மாதிரி ஒழுங்கில்லாமல் உடைந்திருக்கும். நிஜமாகவே கறுத்த மணிகள் கொஞ்சம்தான். சேர்மானத்தைப் பார்த்தால் இது கிரானைட்.

சந்தேகம் இருந்தால் அடர்த்தி பார்த்துவிடலாம். கல்லை எடை போட்டுக்கொள்ளுங்கள். தராசில் தண்ணீர்ப் பாத்திரத்தை வைத்துப் பூஜ்யமாக்கி, கல்லை நூலில் கட்டி, அடியைத் தொடாமல் முழுக்க மூழ்கவிடுங்கள். தராசு காட்டும் கிராம்தான் கல்லின் கன அளவு. 500 கிராம் கல்லுக்கு 185 வந்தால் அடர்த்தி 2.7, கிரானைட் வகை. 167 அளவில் வந்தால் 3.0, அது இதே குன்றுகளில் பட்டை பட்டையாக வரும், பைராக்ஸீன் என்ற கரிய கனிமம் நிறைந்த உருமாறிய பாறையான பைராக்ஸீன் கிரானுலைட். கல்லில் ஒட்டிய காற்றுக்குமிழைத் துடைக்காவிட்டால் கன அளவு கூடி, அடர்த்தி குறைவாக வரும்.

அடுத்தது தின் செக்ஷன், அதாவது ஒளி ஊடுருவும் அளவுக்குத் தேய்த்த கல்சீவல். ஒரு முகத்தைக் கார்போரண்டம் பொடியில் 220, 400, 600 என்று வரிசையாகத் தேய்த்து, எப்பாக்ஸியால் கண்ணாடியில் ஒட்டி, மறுபக்கத்தை 0.03 மி.மீ. வரை தேய்க்க வேண்டும். கனம் சரியா என்பதை குவார்ட்ஸ் சொல்லிவிடும். நுண்ணோக்கியில் கல்லுக்குக் கீழும் மேலும் இருக்கும் ஒளி வடிகட்டிகளுக்கு நிக்கல் என்று பெயர். இரண்டையும் குறுக்காக வைத்த குறுக்கு நிக்கலில் சாம்பல், வெள்ளை என்றால் சரி. மஞ்சள் அடித்தால் இன்னும் தடிமன். ஒரு ஓரம் மட்டும் மஞ்சள் என்றால் தேய்க்கும்போது கை ஒருபக்கம் சாய்ந்திருக்கிறது. முந்தைய பொடியைக் கழுவாமல் அடுத்ததற்குப் போனால் கீறல் விழுந்துகொண்டே இருக்கும்.

இதில் தேட வேண்டியது ஹைப்பர்ஸ்தீன் என்ற பைராக்ஸீன் வகைக் கனிமம். மேல் நிக்கலை எடுத்துவிட்டு மேடையைச் சுழற்றினால் இளஞ்சிவப்பிலிருந்து இளம்பச்சைக்கு மாறும். மேல் நிக்கலைத் திரும்பப் போட்டால், நீளவாட்டு முகத்தில் பிளவுக்கோட்டுக்கு நேராகவே ஒளி அணையும். சாய்வாக அணைந்தால் அது அகைட் வகை பைராக்ஸீன்.

இந்த ஒரு கனிமத்துக்கு ஏன் இவ்வளவு மெனக்கெடல்? பயோடைட் என்ற கறுப்பு மைக்காவின் கட்டமைப்பில் நீர் உண்டு, ஹைப்பர்ஸ்தீனில் இல்லை. சுமார் 800 டிகிரியில் பயோடைட்டும் குவார்ட்ஸும் வினைபுரிந்து ஹைப்பர்ஸ்தீனும் பொட்டாசிய ஃபெல்ட்ஸ்பாரும் ஆகின்றன. நீர் உருகுகுழம்போடு போய்விடுகிறது. அப்படி வறண்டுபோன பாறைதான் கீழோட்டின், அதாவது பூமியின் மேலோட்டுடைய அடிப்பகுதியின், அடையாளம். ஆனால் மாக்மாவே நீர் குறைவாக இருந்து, ஆழத்தில் உறைந்தாலும் இதே கனிமங்கள் வரும். ஆக இது தீப்பாறையா உருமாறிய பாறையா? ஹாலண்ட் தீப்பாறை என்றார். கர்நாடகத்தின் கப்பல்துர்காவிலோ வரிவரியான உருமாறிய பாறையான சாம்பல் நைஸ், விரிசலை ஒட்டிய சில அங்குல அகலத்தில் மட்டும் சார்னோக்கைட்டாக மாறி நிற்கிறது. நைஸின் வரிகள் அந்தக் கரும்பட்டைக்குள் நுழைந்து மங்கிப்போகின்றன. கரியமில வாயு விரிசல் வழியே ஏறி நீரை விரட்டியது என்பது அதற்குப் பெரிதும் சொல்லப்படும் விளக்கம். என் கணக்கில் இந்தக் கேள்விக்குப் பதில் ஸ்லைடில் கிடைக்காது. பாறையும் பாறையும் சேரும் விளிம்பில், களத்தில்தான் கிடைக்கும்.

ஆழம் தெரிய வேண்டுமானால் கார்னெட் உள்ள மாதிரி வேண்டும். கார்னெட், ஹைப்பர்ஸ்தீன், பிளேஜியோக்ளேஸ் (ஒரு வகை ஃபெல்ட்ஸ்பார்), குவார்ட்ஸ் நான்கும் ஒன்றையொன்று தொடும் இடத்தில், ஒரு புள்ளியின் வேதிச் சேர்மானத்தைச் சொல்லும் மைக்ரோபுரோப் கருவியால் அளந்து அழுத்தமும் வெப்பமும் கணக்கிடுவார்கள். மணியின் விளிம்பை மட்டும் அளந்தால் ஏமாற்றும். பாறை ஆறும்போது இரும்பும் மக்னீசியமும் இடம் மாறிக்கொண்டே இருப்பதால், விளிம்பு சொல்வது உச்ச வெப்பத்தை அல்ல, ஆறிய பிறகு நின்ற வெப்பத்தை. நடு, விளிம்பு இரண்டையும் அளந்து தனித்தனியே எழுத வேண்டும். எவ்வளவு கவனமாகச் செய்தாலும் 50 டிகிரியும் 1 கிலோபாரும் முன்பின் இருக்கும்.

இப்படிக் கிடைக்கும் அழுத்தம் 7 கிலோபார் என்றால், அந்தப் பாறை உருவானது ஏறத்தாழ 25 கி.மீ. ஆழத்தில். அவ்வளவு பாறை மேலிருந்து அரித்துப் போன பிறகும், தென்னிந்தியாவுக்கு அடியில் இன்றைக்கும் 35 முதல் 45 கி.மீ. ஓடு இருக்கிறது. கூட்டினால் 60 கி.மீ.க்குக் குறையாது, கிட்டத்தட்ட இன்றைய திபெத்தின் ஓட்டுத் தடிமன். அந்தக் காலத்து ஓடு நிஜமாகவே அவ்வளவு தடிமனா, இல்லை பிற்பாடு அடியில் மாக்மா வந்து ஒட்டியதா என்பதற்கு மேலே கிடைக்கும் கல் போதாது. ஆழத்தில் நிலநடுக்க அலை ஓடும் வேகத்தையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.